நடுரோட்டில் இறக்கிவிட்ட பஸ்

கரமனையில் எங்கள் பஸ் ஸ்டாப்பை எப்போதும் கார்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். பஸ் நடுரோட்டிலேயே ஆட்களை இறக்கிவிடும்.

அன்று நிறைமாதக் கர்ப்பிணியான என் மகளுடன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினேன்.

"வேகம் எறங்கணும் அம்மே" என்று கண்டக்டர் மலையாளத்தில் விரட்டினார். மகள் காலைக் கீழே வைக்கும்போது, பஸ்ஸுக்கும் கார்களுக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் பாய்ந்தது. அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தேன். நல்லவேளை, படியில் சாய்ந்ததோடு போயிற்று.

"நோக்கி எறங்கிக்கூடே?" என்று, பார்த்து இறங்கக் கூடாதா என ஸ்கூட்டர்காரர் எங்களையே திட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

இப்போதெல்லாம் பஸ் ஓரம் சேராமல் நான் இறங்குவதில்லை. "ஓரத்துல நிறுத்துங்கோ, எறங்கறேன்" என்று படியிலேயே நிற்கிறேன். பின்னால் நிற்பவர்கள் கத்தட்டும். போன வாரம் கண்டக்டரே இறங்கிப்போய், ஒரு காரை எடுக்கவைத்தார்.