துரை எனக்குக் கீழ்ப்படிந்த ஊழியனாம்!

போன வாரம் எனக்கு ஓர் இங்கிலீஷ் கடிதம் வந்தது. அடியில் எங்கள் தோட்டத்துத் துரையின் கையெழுத்து. கையெழுத்துக்கு மேலே ஒரு வரி: 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்.'

துரை... எனக்கு... ஊழியன்!

நீங்களே சொல்லுங்கள், சந்தேகம் வருமா வராதா? அவர் குதிரையில் வந்தால் நாங்கள் ரோட்டை விட்டு இறங்கிப் புல்லில் நிற்கிறவர்கள். அப்படிப்பட்டவர் திடீரென்று எனக்குக் கீழ்ப்படிகிறார் என்றால் அதற்குள் என்ன இருக்கும்?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் செனாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சின்ன கிராணி. ஆபீசில் பெரிய கிராணியாருக்குக் கீழே கணக்கெழுதும் வேலை. மலேரியாவில் விழுந்து ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். லீவு முடிய இருந்தது. ஆனால் டாக்டர் விடமாட்டேன் என்றார். இப்போது எழுந்து போனால் அப்புறம் என்னைக் கேட்காதே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ரப்பர் விலை படுத்துக் கிடக்கிற காலம் இது. ஆளைக் குறைக்கக் காரணம் தேடுகிறார்கள். லீவு நீளாவிட்டால் வேலை போய்விடும். வேலைக்குப் போனாலோ, அவரே...

பாருங்கள், அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடிவதில்லை. 

அவருக்குப் பேனா பிடிக்கத் தெம்பில்லை. ஆகவே லீவு கேட்டுத் துரைக்கு நான்தான் எழுதினேன். கான்வெண்டில் இங்கிலீஷ் படித்தவள் ஆயிற்றே! ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். 'ஐயா' என்றால் போதுமா, 'மதிப்பிற்குரிய ஐயா' வேண்டுமா? துரைசானியை விசாரிக்காவிட்டால் திமிர் என்று நினைப்பாரோ? விசாரித்தால் அதிகப்பிரசங்கித்தனமோ? கடைசியில் ஒரு மாதிரி முடித்துத் தபாலில் போட்டேன்.

அதற்கு வந்த பதில்தான் இந்தக் கீழ்ப்படிந்த ஊழியன். கடிதம் சின்னது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'தங்கள் வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்கிறேன். ஆகவே தங்கள் கணவர் வரும் திங்கட்கிழமை வேலைக்கு ஆஜராக வேண்டும். தவறினால் அவர் இடத்தில் வேறு ஆள் நியமிக்கப்படும்.'

மகிழ்கிறாராம்! ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனிதரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு மகிழ்கிறாராம். கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உறையைக்கூடப் பிரித்துப் பார்த்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

பக்கத்து வீட்டுக் கமலம் அக்காவிடம் ஓடினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரின் மனைவி. அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் தோட்டத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பது தெரியும்.

"அலமாக்! இவ்ளோ மரியாதையாவா எழுதியிருக்காரு? அப்ப கண்டிப்பா என்னமோ இருக்கு."

"என்னக்கா இருக்கும்?"

"நீ காய்ச்சல்னு எழுதினே. அவரு நலம்னு எழுதுறாரு. நடுவுல ஒரு கை பூந்திருக்கு, அவ்ளோதான். பெரிய கிராணியாரோட அக்கா மவன் ஊர்லேர்ந்து வந்து சும்மாதானே உக்காந்திருக்கு? எந்த நாக்காலிக்குக் காத்திருக்குன்னு நினைக்கிற?"

அடடா, இது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று! பெரிய கிராணியார் என் கடிதத்தை மாற்றிவிட்டார். அல்லது தப்பாகப் படித்துக் காட்டியிருக்கிறார். அவர் போன மாதம் பாப்பாவுக்குக் கொடுத்த பிஸ்கட்டின் மேலேகூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனேன். வராந்தாவில் அந்த அக்கா மகன் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். போதாதா?

"நான் எழுதின கடிதத்தை நான் பாக்கணும் ஐயா."

"எதுக்கும்மா?" என்றார் பெரிய கிராணியார்.

"பாக்கணும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பைலிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். என் கடிதம். என் கையெழுத்து. ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் முதல் வரியின் அடியில் துரையின் நீலப் பென்சில் கோடு.

'இறைவன் அருளால் இவ்விடம் நாங்கள் அனைவரும் நலம். தாங்களும் துரைசானி அவர்களும் நலமாக இருக்க விரும்புகிறோம்.'

பிறகு காய்ச்சல் எங்கே? தேடினேன். இருந்தது... மூன்றாம் பத்தியின் கடைசியில், 'என் கணவருக்குச் சற்றே உடல் அசௌகரியம்' என்று. மலேரியாவை நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்!

வேறு எப்படி எழுதுவேன்? கடிதம் என்றால் நலத்தில் தொடங்க வேண்டும். அமங்கல வார்த்தையை முதலில் எழுதினால் பலித்துவிடும் என்று பயம். நீங்கள் மட்டும் என்ன, வீட்டில் ஒருவர் படுக்கையில் கிடக்கும்போதும் 'இவ்விடம் நலம்' என்றுதானே ஊருக்கு எழுதுகிறீர்கள்?

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"துரைக்கு வந்த கடிதத்துல நான் கை வைக்கலாமா? வச்சிருந்தா முதல்ல என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பீங்க."

எனக்கு முகம் சுட்டது. அதற்குள் சத்தம் கேட்டுத் துரையே வெளியே வந்துவிட்டார். அவருக்குத் தோட்டத் தமிழ் வரும்.

"என்னா இது? கிராணி சுகம், நீ எழுதினே. இப்ப சண்டை. சுகமா, சுகமில்லையா? ஒண்ணு சொல்லு!"

"சுகமில்லை துரை." அதுவரை நான் யாரிடமும் அதை அப்படிச் சொன்னதில்லை. "ரொம்பச் சுகமில்லை. இப்ப எந்திரிச்சு வந்தா உயிருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்றாரு."

அவர் என்னையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது எழுது. மேலே எழுது. கீழே எழுதாதே." உள்ளே போய்விட்டார்.

பெரிய கிராணியார் காகிதம் கொடுத்தார். பாப்பாவை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். அவள் அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள்.

வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை. 'ஐயா, என் கணவர் கடுமையான மலேரியாவில்...' அங்கே பேனா நின்றுவிட்டது. எழுதினால் நிஜமாகிவிடுமே என்று முணுமுணுத்தேன்.

"எழுதும்மா," என்றார் அவர் மெதுவாக. "எழுதாட்டியும் அது நிஜந்தான்."

எழுதினேன்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். 'கீழ்ப்படிந்த ஊழியன்' என்பது வெள்ளைக்காரர்கள் எல்லாக் கடிதத்தின் அடியிலும் எழுதும் உபசாரமாம், அவர்களே யாரும் அதைப் படிப்பதில்லையாம், தாண்டிப் போய்விடுவார்களாம். நாமும் 'இவ்விடம் நலம்' என்பதைத் தாண்டித்தான் படிக்கிறோம். துரையின் உபசாரத்தை நான் நம்பவில்லை, அது புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். என்னுடைய உபசாரத்தை அவர் நம்பிவிட்டார்... அதற்கு அவரைக் குறை சொல்ல முடியுமா?

மறுநாளே பதில் வந்தது. டாக்டர் அனுப்பும் வரை லீவு. சம்பளம் கிடையாது, ஆனால் இடம் என் கணவருடையதே. ஒரே வரி. ரயிலேறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்தார். திருப்பி, காகிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"என்ன இது, இவ்வளவு சுலபமா கொடுத்திட்டாங்க? உள்ளுக்குள்ள வேற ஏதும் இருக்குமோ?"

மலேரியாவுக்காவது கொயினா இருக்கிறது. இந்தச் சந்தேகத்துக்கு டாக்டர் என்ன கொடுப்பார்?