யோசியாதை, தொடு

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ரீச்சர் என்றால் மருந்துச் சீட்டு வாசிப்பதிலிருந்து மாப்பிள்ளை பார்ப்பதுவரை எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நான் சொல்லுவேன். அந்த வாய்தான் என்னைக் கெடுத்தது.

என் வீட்டுக்கு அடுத்த வளவில் இருந்த தாய்க்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மகள் என்னுடைய மூன்றாம் வகுப்புப் பிள்ளை. வீட்டில் கிடந்த பழைய போனில் சொந்தக்காரர் ஒருவர் ஒரு கேம் போட்டுக் கொடுத்திருந்தார். நான் பார்த்துச் சொல்லும்வரை மகளை அதில் கைவைக்க விடவில்லை அந்தத் தாய்.

"ரீச்சர், பிள்ளையளுக்கு இது சரியோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று போனை என் கையில் தந்துவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டார்.

கதிரையில் சாய்ந்து இருந்து பார்த்தேன். துவக்கு இருக்கிறதா, குண்டு விழுகிறதா, ஆராவது சாகிறார்களா? சண்டை நடந்த எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். நானும் அதை மட்டும்தான் தேடினேன். ஒன்றும் இல்லை. திரை முழுக்க மண்நிறம். மண்ணுக்குள்ளிருந்து உருண்டையாக ஏதாவது தலைகாட்டும். அது மறையமுன் தொட வேண்டும். பிந்தினால் தோல்வி.

நான் உடனேயே தோற்றேன். கோபம் வந்துவிட்டது. திரும்பவும் விளையாடினேன், திரும்பவும் தோற்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். "இந்தா, நீ விளையாடு பாப்பம்" என்று நீட்டினேன்.

அவள் விரலை நீட்டிவிட்டு நிறுத்தினாள்.

"ரீச்சர், மண்ணுக்குள்ளை தெரியிறதைத் தொடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சொன்னவள் நான்தான். ஒவ்வொரு தவணையும், சண்டைக்குப் பிறகு மண்ணுக்குள் கிடக்கிற வெடிபொருட்களின் படங்களைத் தூக்கிப் பிடித்து, தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்று வகுப்பு முழுவதையும் கத்திச் சொல்ல வைக்கிறவள். அந்தப் பிள்ளை கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"இது கேம்தானே, விசரி. யோசியாதை, தொடு."

தொட்டாள். என்னைவிடக் கெட்டிக்காரி. தேத்தண்ணியோடு வந்த தாயிடம், "நல்ல கேம். சண்டை கிண்டை ஒண்டுமில்லை. கை சுறுக்காகும், புலமைப்பரிசில் சோதினைக்கும் உதவும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மாரி முடிந்து பள்ளிக்கூடப் பின்வளவைத் துப்புரவாக்கச் சிரமதானம் வைத்தோம். மழை மண்ணை அரித்திருந்தது. வேலியோரம் துருப்பிடித்த உருண்டை ஒன்று வெளியே தெரிந்தது. மற்றப் பிள்ளைகள் பின்னுக்குப் போனார்கள். ஒருத்தி என்னிடம் சொல்ல ஓடி வந்தாள். நான் நிமிர்ந்து பார்க்கும்போது என் அடுத்த வளவுப் பிள்ளை குனிந்து அதைப் பிடுங்கிவிட்டாள்.

அது பழைய சைக்கிள் பெல்லின் மூடி.

உயிர் திரும்பி வந்ததும் ஓடிப்போய் அந்தக் கையிலேயே அடித்தேன். "எத்தினை தரம் சொன்னனான்?" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினேன். அவளுடைய விரல்கள் சிவந்து போயிருந்தன.

அடுத்த நாள் காலை வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு தாய் மகளோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர். நீங்கள் படிச்சுப் படிச்சுச் சொல்லியும் தொட்டிட்டாள். என்ரை வளர்ப்புத்தான் பிழை."

பிள்ளை தாயின் கையைப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேமில் தொடச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிடுவாளோ? எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயந்து நின்றேன். அந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல? அவள் சொல்லவில்லை. குனிந்துகொண்டாள்.

"சரி, இனியாவது வீட்டிலை கவனமாச் சொல்லிக் குடுங்கோ" என்றேன்.

"ஓம் ரீச்சர்" என்று சொல்லி, தாய் அந்த இடத்திலேயே மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.