ஓட்டம் ஏன் குறைந்தது என்று ஆத்தாளிடம் கேட்டேன்

போன ஆடி மாதம் என் பிள்ளைகளின் கால் ஓய்ந்துபோனது. என்ன காரணம் என்று எனக்குக் கொஞ்சமும் புரியவில்லை. மாரியாத்தாளை நம்பியிருக்கும் உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நெடுந்தூர ஓட்டத்துக்குக் கோச். பிள்ளைகள் என்று நான் சொல்வது என் டீமில் ஓடும் ஆறு மாணவிகளை. ஆறு பேரும் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்கள்.

ஆவணியில் கல்லூரிகளுக்கு இடையே கிராஸ் கன்ட்ரி போட்டி. அதில் கப் வராவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று முதல்வர் அம்மா சொல்லிவிட்டார். “நானும் எம்புட்டோ பேசிப் பாத்துட்டேன். மேனேஜ்மென்ட் கேக்க மாட்டேங்குது” என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. இளம் வயதில் ஓடினேன், அப்புறம் ஓட வைத்தேன், அவ்வளவுதான் என் வாழ்க்கை. மனசு தாங்காமல் மைதானத்தில் வைத்துப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் தலைகீழானது. பரவைப் பக்கம் கண்மாய்க் கரையில் காலையில் ஓடவிடுவேன். எப்போதும் முன்னால் பறக்கும் பாண்டீஸ்வரி கடைசியில் தள்ளாடி வந்தாள். ஒருத்தி என்றால் உடம்பு சரியில்லை எனலாம். ஆறு பேருக்குமா? பயிற்சியைக் குறைத்துப் பார்த்தேன், மாற்றிப் பார்த்தேன். ஷூவைச் சந்தேகப்பட்டேன். கண்பட்டிருக்கும் என்று திருஷ்டிகூடச் சுற்றிப் போட்டேன். தல்லாகுளத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினால், “ஒண்ணுமில்ல, நல்லா சாப்பிடச் சொல்லுங்க” என்கிறார். மெஸ்ஸில் சொல்லி இவர்களுக்கென்று தனியாக முட்டையும் பாலும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன். பிறகும் சாப்பிடாமலா இருப்பார்கள்? எனக்குக் கோச்சிங்கே மறந்துவிட்டதோ என்று பயம் வந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை பாண்டீஸ்வரி ஓடும்போதே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம்.

மறுநாள் ஆடி வெள்ளி. சிம்மக்கல் பக்கம் நான் வழக்கமாகப் போகும் மாரியம்மன் கோயிலுக்கு வெறும் வயிற்றோடு போனேன். “ஆத்தா, கப்பு வேணாம். என்ன நடக்குதுன்னு மட்டும் காட்டு. எனக்குப் பைத்தியமே பிடிச்சிரும் போலருக்கு” என்று வாய்விட்டே அழுதேன்.

கண்ணைத் திறந்தால் எதிர் வரிசையில் என் பிள்ளைகள் ஆறு பேரும் நிற்கிறார்கள். மஞ்சள் சேலை, ஈரத் தலை, கையில் வேப்பிலை.

“இங்க என்னடி பண்றீங்க?”

“வேண்டுதல் மேடம்” என்றாள் பாண்டீஸ்வரி.

“என்ன வேண்டுதல்?”

நான் விடவில்லை. கடைசியில் சின்னவள் கவிதா உடைந்து அழுதுவிட்டாள். “உங்க வேலை போயிரக் கூடாதுன்னு மேடம். போட்டி முடியற வரைக்கும் ஒரு பொழுது விரதம். மதியம் மட்டுந்தான் சாப்பிடுறோம். காப்புக் கட்டினா நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு கட்டல.”

எனக்குச் சிரிப்பா அழுகையா, எது முதலில் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. “அடிப் பாவிகளா! உங்க விரதத்தாலதான்டி என் வேலையே போகப் போகுது!”

விரதத்தை விடச் சொன்னால், சாமி குத்தமாகிவிடும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அதை மீறிச் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. நானும் ஆத்தாளைக் கும்பிடுகிறவள்தானே. பூசாரியிடம் போய் நின்றோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வேண்டுதல் இந்தத் தாயிக்குத்தான? அப்ப மிச்ச விரதத்தை இவுகளே ஏத்துக்கிரட்டும்” என்று என் கையில் காப்புக் கட்டினார். பிள்ளைகள் அங்கேயே கோயில் கூழை வாங்கி வாங்கிக் குடித்தார்கள். நான் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றுபோல் என் வயிறு நிறைந்ததே இல்லை.

கால்கள் மெதுவாகத் திரும்பி வந்தன. ஆனால் போட்டியில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. கப் இல்லை. முதல்வர் அம்மா கூப்பிட்டபோது எல்லாம் முடிந்தது என்றே போனேன். ஆனால் ஹாஸ்டல் வார்டன் மூலம் விரதக் கதை அவர் காதுக்கு முன்பே போயிருந்தது. “பிள்ளைங்க பட்டினி கெடந்து வேண்டுற மாதிரி இன்னொரு கோச்சை நான் எங்க போய்த் தேடுவேன்னு மேனேஜ்மென்ட்ல கேட்டேன். வாயைத் திறக்கல. போய் வேலையைப் பாருங்க” என்றார்.

இன்னும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. ஓட்டத்தைக் கெடுத்த அதே விரதம்தான் வேலையைக் காப்பாற்றியது. ஆத்தாள் கேட்டது என் அழுகையையா, அவர்கள் பசியையா? யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியாமலேயே கும்பிடுகிறேன். முன்பெல்லாம் பிள்ளைகளின் காலை மட்டும் பார்ப்பேன். இப்போது முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடச் சொல்கிறேன்.

வழி தெரியாமல் தவித்தால் நீங்களும் அவளிடம் போய் நில்லுங்கள். பதில் வரும், புரியும்படி வருமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். இன்னொன்று, வீட்டில் ஓடுகிற பிள்ளை இருந்தால் அவளைப் பட்டினி போடாதீர்கள். அந்த விரதத்தை நீங்கள் இருங்கள். ஆத்தாள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.