எங்கள் ஏரியாவுக்கு வந்த டீம்

பெங்களூரில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது பாஸ்கெட்பால் டீமில் நான் பாயிண்ட் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டே முன்னால் போய், யார் எங்கே ஓட வேண்டும் என்று கூவிச் சொல்வது என் வேலை. கூவியது தமிழில்தான். 'உள்ள' என்றால் வளையத்துக்கு அடியில் நிற்பவனுக்குப் பந்து வருகிறது. 'சுத்து' என்றால் எதிராளியைச் சுற்றிக்கொண்டு ஓடு. டீமில் கன்னடக்காரர்கள், மலையாளி, கொங்கணி என்று எல்லோரும் இருந்தார்கள். முதல் வருடம் பதற்றத்தில் நான் வாய்க்கு வந்ததைக் கூவப்போய், அதுவே டீமின் பாஷையாக நின்றுவிட்டது.

கேப்டன் மல்லேஸ்வரத்துக்காரன். கன்னடக் குடும்பம், இறுதி வருடம், ஆறடிக்கு மேல் உயரம். வேகமாக ஓட மாட்டான். ஆனால் வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்து எப்படியோ அவன் கைக்கே வந்து சேரும். யாராவது கீழே விழுந்தால், எதிர் டீம் ஆளாகவே இருந்தாலும், கை கொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் நகர்வான். அதற்குள் அவர்கள் கூடை போட்டுவிடுவார்கள். ஓரத்தில் பி.டி. சார் தலையில் அடித்துக்கொள்வார். சாரைத் தவிர எல்லோரும் அவனுக்கு 'குரு', நாம் 'மச்சி' என்கிற மாதிரி.

அந்த சீசனுக்கு முன்பு எங்கள் கல்லூரி முதல் ரவுண்டைத் தாண்டியதே இல்லை. அந்த வருடம் தாண்டினோம். ஒவ்வொரு மேட்சாக ஜெயித்து, எங்களுக்கே நம்ப முடியாமல், செமிஃபைனலுக்கு வந்து நின்றோம்.

அப்போதுதான் தொண்ணூற்றொன்றின் டிசம்பர் வந்தது. காவிரித் தண்ணீர் விவகாரத்தில் ஊர் பற்றிக்கொண்டது. கடைகள் எரிந்தன, ஊரடங்கு போட்டார்கள், தமிழர்கள் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போனார்கள். தமிழர்கள் நிறைய இருக்கும் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பாவோடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் ஒருவரின் வீடு சாம்பலானது. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவர் பெங்களூரிலேயே பிறந்தவர். அவர் கன்னடம் பேசினால் தமிழர் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தானோ என்னவோ, பயத்தைவிட அவமானம்தான் அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது.

கல்லூரி திறந்தது. தள்ளிவைத்த செமிஃபைனலுக்கும் நாள் குறித்தார்கள். அப்பா சொன்னார்: "காலேஜுக்குப் போ, முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா. பந்தெல்லாம் இனி வேணாம். மேட்ச்ல கூட்டம் கூடும். யார் எப்படி இருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

மறுநாள் நான் பி.டி. சாரிடம் போய் வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேப்டன் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசற்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான். அப்பா கன்னடத்தில் பேசினார். அவனோ எங்களிடம் கற்றுக்கொண்ட அரைகுறைத் தமிழில்தான் பதில் சொன்னான். கடைசிவரை இரண்டு பேரும் மாறவில்லை.

"அங்கிள், நானே கூட்டிட்டு போறேன், நானே கூட்டிட்டு வர்றேன்."

உன்மேல் நம்பிக்கை இருக்கிறது, ஊர்மேல் இப்போதைக்கு இல்லை என்றார் அப்பா.

அவன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். "அவன் இந்த ஏரியால ஆடலாமா?"

"இங்கே ஆடினால் எனக்கென்ன?" என்றார் அப்பா.

அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நமஸ்காரம் சொல்லிக் கிளம்பினான். பேச்சு அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் ஏரியா மைதானத்தில் மொத்த டீமும் நின்றது. ஜெயநகர், மல்லேஸ்வரம், பானஸ்வாடி என்று ஊரின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் பஸ் மாறி வந்திருந்தார்கள். ஆஸ்டின் டவுன் கால்பந்துக்குப் பேர்போன இடம். பாஸ்கெட்பாலுக்கு அந்த மைதானத்தின் ஓரத்தில் துருப்பிடித்த கம்பமும் வலை இல்லாத வளையமும் மட்டும்தான். கீழே வெறும் மண், பந்தைத் தட்டினால் ஒழுங்காக எழும்பாது. ஒருவனும் முணுமுணுக்கவில்லை. கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார்கள்.

"இனிமே இங்கதான் பிராக்டிஸ், குரு," என்றான் கேப்டன். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

மேட்ச் வரைக்கும் தினமும் வந்தார்கள். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா சைக்கிளை மதில் ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் நின்றார். அதற்கடுத்த நாள் மைதானத்துக்குள்ளேயே வந்து, கேப்டனிடம் மேட்ச் எங்கே என்று கேட்டார். அவன் சொன்னான்.

"நானும் வர்றேன்," என்றார் அப்பா. அவனிடம் அவர் பேசிய முதல் தமிழ் அதுதான்.

செமிஃபைனலுக்கு அப்பா எங்களோடு ஒரே பஸ்ஸில் வந்தார். பந்துகள் இருந்த பையை அவர் மடியில் வைத்துவிட்டான் கேப்டன்.

எதிர் டீமின் சொந்த மைதானம். கூட்டம் நிறைய. யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு வாய் எழவில்லை. கூவினால் தமிழ் என்று தெரிந்துவிடும். கையைக் காட்டிக் காட்டி ஆடினேன். முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறவனுக்குக் கை தெரியுமா? நான் கொடுத்த பந்தெல்லாம் எதிராளிக்கே போயின. பின்தங்கிக்கொண்டே போனோம். மதில் பக்கமிருந்து யாரோ கன்னடத்தில் ஏதோ சொல்ல, ஒரு சின்னக் கும்பல் சிரித்தது. என்னைப் பற்றியா, வேறு எதையாவதா, தெரியாது.

திரும்பி வந்த பந்தை எட்டிப் பிடித்த கேப்டன் அதை யாருக்கும் கொடுக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்:

"ஏய், ஏன்டா வாய மூடிட்டு ஆடற? கூவுடா! உள்ள! உள்ள போடு!"

அந்தத் தமிழை எந்த ஊர்த் தமிழ் என்றும் சொல்ல முடியாது. அடுத்த நொடி எங்கள் மலையாளி "சுத்து, சுத்து!" என்று கத்திக்கொண்டே ஓடினான். பெஞ்சில் இருந்தவர்களும் எழுந்து நின்று "உள்ள!" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நானும் கூவினேன். அதன் பிறகு நான் நிறுத்தவே இல்லை.

ஜெயித்தோம். முடிந்ததும் எதிர் டீம்காரர்கள் வந்து கை குலுக்கினார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம், "சூப்பரா ஆடினே," என்று தமிழிலேயே சொன்னான். அவனும் தமிழன், அல்சூர்ப் பையன். அவனும் அன்றைக்கு வாயைத் திறக்காமல்தான் ஆடியிருக்கிறான்.

ஃபைனலில் தோற்றோம். அந்த டீம் எங்களைவிட எல்லா விதத்திலும் பெரியது, அதனால் பெரிய வருத்தமில்லை. அப்பா அந்த மேட்சுக்கும் வந்திருந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் கேப்டன் எத்தனை ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டான் என்று அவனிடமே கன்னடத்தில் எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அவனும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

படிப்பு முடிந்து அவன் மைசூருக்கு வேலைக்குப் போனான். சில வருடங்கள் கழித்து என் கல்யாணத்துக்கு வந்தபோது, அன்றைக்கு ஏன் மொத்த டீமையும் எங்கள் ஏரியாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தான் என்று கேட்டேன். அவன் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"பாயிண்ட் கார்டு ஆடறதுக்கு வேற ஆள் இல்லையே, குரு."

அது பொய். என் இடத்தில் ஆட பெஞ்சில் ஒருவன் இருந்தான். என்னைவிட நன்றாகவே ஆடுவான்.