அம்மோனியா ஊற்றியதும் இறங்கிய முள்

அன்று அவளுக்கு உதவத்தான் நினைத்தேனா, இல்லை, எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள நினைத்தேனா? இடுப்பில் பிள்ளையோடு அடுப்படியில் நிற்கும்போதும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாமன் மகளும் நானும் திருச்சுழியிலிருந்து ஒரே பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய் வேதியியல் படித்தோம். இரண்டாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வில் அவளுக்கு மின்கலம் வந்தது. ஒரு பீக்கரில் துத்தநாகத் தகடு, இன்னொன்றில் மயில்துத்தக் கரைசலில் செம்புத் தகடு, நடுவே உப்புப்பாலம். செம்புப் பக்கம் அம்மோனியா ஊற்றி, முன்னும் பின்னும் வோல்ட்மீட்டர் காட்டுவதை எழுத வேண்டும். பக்கத்து மேசையில் எனக்கு வேறு சோதனை.

வெளிர்நீலம் சட்டென்று கருநீலமானது. நெடி தாங்காமல் கண்ணைத் துடைத்தபடி கிசுகிசுத்தாள். "மதினி, ஒண்ணுக்கு மேல நின்ன முள்ளு முக்காலுக்கு இறங்கிருச்சு."

"நல்லாப் பாரு புள்ள. நீலம் கூடுனா செம்பு கூடியிருக்குன்னு அர்த்தம். முள்ளு ஏறத்தான் செய்யும்."

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதாக்கும்?"

"உன் கண்ணுதான் அம்மோனியாவுல அழுதுக்கிட்டு நிக்குதே. மாத்தி எழுது."

மாற்றினாள். அடித்து எழுதியிருந்த எண்ணைப் பார்த்த தேர்வாளர் முள்ளையும் பார்த்தார். "இட்டுக்கட்டி எழுதுற பிள்ளைக்கு லேப் எதுக்கும்மா?" என்றார். தலைகுனிந்து நின்றாளே தவிர, என் பெயரைச் சொல்லவில்லை.

தோற்றவள் மறுபடி எழுத வழியிருந்தது. "புத்தியில ஏறாததுக்கு எதுக்குப் பஸ்ஸு?" என்று மாமா நிறுத்திவிட்டார். அந்தப் பேச்சு நடந்தபோது அதே வீட்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. அவளைப் பந்தல்குடியில் கட்டிக்கொடுத்தார்கள்.

மறு ஆண்டு வகுப்பில்தான் எனக்கே விளங்கியது. அம்மோனியா செம்பு அயனிகளைச் சூழ்ந்து பிடித்து அணைவு அயனியாக்கிவிடும். அந்த நீலம் அணைவின் நிறம். செம்பு கரைசலைவிட்டு எங்கும் போவதில்லை, ஆனால் தகட்டுக்கு வந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளத் தனியாக நிற்பது மிகக் கொஞ்சமே. அதனால் மின்னழுத்தம் இறங்கியே தீரும். அவள் முதலில் எழுதியதுதான் சரி. அன்று மாலையே போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் அப்போது மாசமாக இருந்தாள், மனம் நோகக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் என் மகன் காதுகுத்துக்கு மகளோடு வந்திருந்தாள். "எம் மக உன்னைய மாதிரி வரட்டும் மதினி. என் மண்டையில களிமண்ணுதான்" என்று சிரித்தாள். அந்தச் சின்னப்பெண்ணும் சேர்ந்து சிரித்தது. பிள்ளை அழுகிறான் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அவன் அழவில்லை.

சொன்னால் போன படிப்பு திரும்பாது, என் மேல் அவள் வைத்திருக்கும் பாசமும் போய்விடலாம். சொல்லாவிட்டால் தன்னை மக்கு என்றே நம்பிக்கொண்டிருப்பாள், மகளும் அதைக் கேட்டே வளர்வாள். படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள். நான் பந்தல்குடிக்குப் போகட்டுமா?