உப்புப் பார்க்காத குழம்பு

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் மாமியார், ஆசைப்பட்ட ஒரு வாய்க் கறியைத் தின்னாமலே செத்துப்போனார்.

இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வாய் வருகிறது. தெரிந்தவர்களில் ஒரே ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன், அவர் நம்பவில்லை.

விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் பொம்மைக் கம்பெனியில் எனக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாயிரம் பிறந்த மறு வருடம், கூட வேலை செய்த பெண்கள் வடலூர்த் தைப்பூசத்துக்குக் கூப்பிட்டார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஜோதியைக் கும்பிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது மனத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டது. ஓர் உயிரைக் கொன்றுதான் என் வயிறு நிறைய வேண்டுமா?

உடனே எல்லாவற்றையும் துறந்துவிட்டேன் என்று பெருமை பேச மாட்டேன். முதலில் ஆட்டுக்கறி போயிற்று, பிறகு கோழி, மீன். முட்டையை விட வெகுநாள் ஆனது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் இன்றைக்கும் நாக்கில் நீர் ஊறுகிறது! சாதாரண நாட்களில் வயிற்றுவலி, தலைவலி என்று தப்பித்துவிடலாம். தீபாவளிக்கு என்ன சொல்வது?

எங்கள் பக்கம் தீபாவளி என்றால் விடிவதற்குள் எண்ணெய்க் குளியல், விடிந்ததும் இட்லியும் கறிக்குழம்பும். அத்தை கொதிக்க வைத்தால் தெருவே மூக்கைத் தூக்கும். மாமனார் போன பிறகு இரண்டு எருமைகளை வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றி என் கணவரை ஆளாக்கியவர் அவர். நல்ல சேலைக்கோ நகைக்கோ ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. கறி ஒன்றுதான் ஆசை. நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சும்போது அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

அந்த வருடத் தீபாவளிக் காலையில் குழம்பைத் துழாவி ஈரலாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தார். நான் தட்டை நகர்த்தினேன்.

"ஏம்மா, எங் கைச் சமையலு புடிக்கலியா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. வடலூர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கணவர் கேலி பேசியே கொல்வார். அத்தையோ, நேற்று வந்தவள் தன் அடுப்பை இழிவாக நினைக்கிறாள் என்று எடுத்துக்கொள்வார். பயம்... வெறும் பயம்!

"வேண்டுதல் அத்தை. கொளஞ்சியப்பருக்கு. கொழந்த பொறக்குற வரைக்கும் கறி தொடறதில்லன்னு..."

கல்யாணமாகிச் சில வருடங்களாகியும் எனக்குக் குழந்தை இல்லை. அதைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள் என்று தெரிந்தேதான் சொன்னேன். ஊர்ப் பக்கத்திலிருக்கும் அந்த முருகன் கோயிலில் நான் அப்படி எதையும் வேண்டிக்கொண்டதே இல்லை. சாமி பெயரையும் பிறக்காத பிள்ளையையும் ஒரு தட்டு ஈரலுக்காக இழுத்தேனே, நான் என்ன மனுஷி?

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? நீ ஒருத்தி வாயக் கட்டுனா போதுமா? பேரப்புள்ள எனக்குந்தான வேணும். நானும் சேந்துக்கறேன்."

தன் தட்டிலிருந்த கறியை மகன் தட்டில் போட்டுவிட்டு, இட்லிக்குச் சர்க்கரையைத் தொட்டுக்கொண்டார்.

பச்சைப் பொம்மை கோணலாகிவிட்டால் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிடலாம், மறுபடி மண்ணாகிவிடும். சூளைக்குள் போய் வந்துவிட்டால் உடைக்கத்தான் முடியும். அன்று என் பொய் பச்சையாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். நான் சட்னியை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்!

அதற்குப் பிறகும் குழம்பு வைத்தது அத்தைதான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பது அவர் பழக்கம். விரத வாய் என்பதால் அதையும் விட்டுவிட்டார். "உப்பு பாத்து சொல்றா" என்று மகனைக் கூப்பிடுவார். மகன் ருசி பார்க்கும்போது அவர் தொண்டை ஏறி இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன்.

பிறகு மகள் பிறந்தாள்.

நியாயமாகப் பார்த்தால் பொய் அதோடு முடிந்திருக்க வேண்டும். கோயிலில் குழந்தைக்கு முடி இறக்கிவிட்டு வந்த அன்று அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "நாளிக்குக் கறி எடுத்தாரச் சொல்லிட்டேன். நீயும் நானும் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவோம்" என்றார்.

என்னால் சாப்பிட முடியாது. அதை அப்படியே சொல்லாமல் மறுபடி சாமியை இழுத்தேன். "நான் ஆயுசுக்கும் வேண்டிக்கிட்டேன் அத்தை. நீங்க சாப்புடுங்க."

என் ஆயுசை மட்டும்தான் சொன்னேன்! அவருக்கு விடுதலை கொடுத்ததாகத்தான் நினைத்தேன். அத்தை வெகுநேரம் குழந்தையின் மொட்டைத் தலைக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "கூட நின்னவ பாதியில வுட்டா புள்ளைக்கு ஆவாதும்மா" என்றார். மறுநாள் கறி வந்தது. என் கணவர் ஒருவர்தான் சாப்பிட்டார்.

மகளுக்கு மூன்று வயது முடிந்த பிறகு அத்தை மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. படுத்தவர் எழுந்திருக்கவில்லை, உடம்பு நாளுக்கு நாள் கரைந்தது. ஆட்டுக்கால் சூப்பு கொடு என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். நானே வாங்கிவந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, என் கையால் வேகவைத்து எடுத்துப்போனேன்.

"எடுத்துனு போயிடும்மா... வாசன ஆளத் தூக்குது" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் உடைந்தேன். கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அத்தை, அது பொய். நான் எதுவுமே வேண்டிக்கல. கறி புடிக்காமத்தான் அப்படிச் சொன்னேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. குடிங்க."

அத்தை என்னைப் பார்த்தார். சிரித்தார்! "எனக்காவ சாமியப் பொய்யாக்குறியா? வேணாம்மா. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன். உன்ன மாதிரி மருமவ யாருக்குக் கெடப்பா?"

சத்தியம் செய்தேன். அழுதேன். அழுததால் என் பாசம் அவருக்கு இன்னும் உறுதியாயிற்று. பொய்யை ஒரே பேச்சில் நம்பியவரிடம் உண்மையை எந்த மொழியில் சொல்வது? உங்களுக்குத் தெரியுமா? சூப்பு ஆறி ஏடு கட்டியது. கொண்டுபோய்க் கொட்டினேன்.

அந்த மாதமே போய்விட்டார்.

தீபாவளிக்கு நாங்கள் செத்தவர்களுக்குப் படைப்போம். அவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைப்பது வழக்கம். அந்த வருடம் அத்தைக்கு முதல் படையல். கறிக்குழம்பை நானே வைத்தேன். பெரிய நல்லி எலும்பாகப் பார்த்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு இலையருகே குனிந்தேன். என் கணவர் கையைப் பிடித்தார்.

"என்னா பண்ற நீ? அம்மா வேண்டுதலோட போனவங்க. அவுங்க எலையில போயி கறிய வைக்கிற! இட்லியும் சக்கரையும் வையி."

அவரிடம் சொல்லியிருக்கலாம். அந்தக் கணத்தில்கூட வழி இருந்தது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. தன் தாய் தன் பிள்ளைக்காக வாயைக் கட்டியவள் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆறுதல். அதைப் பிடுங்கிவிட்டு நான் எங்கே நிற்பேன்? கிண்ணத்தை அடுப்படிக்குத் திருப்பி எடுத்துப்போனேன்.

படைத்து முடித்ததும் அந்த நல்லி எலும்பு மகள் தட்டுக்குப் போயிற்று. யாரும் சொல்லித் தராமலே அதைத் தட்டில் தட்டி உறிஞ்சினாள். "அம்மா, கொழம்புல உப்பே இல்ல" என்றாள்.

இப்போதும் தீபாவளி வருகிறது. நான் கறி தின்பதில்லை. அத்தையின் இலையில் இட்லியும் சர்க்கரையும் வைக்கிறேன்... செத்த பிறகும் அவர் வாயை நான்தான் கட்டி வைத்திருக்கிறேன்.