பத்துக்கு ஒன்பது

பத்து விதைகளில் ஒன்பது முளைத்திருந்தன. நான் உறையின் மேல் 'ஒன்று' என்று எழுதினேன். கைத்தவறு என்று சொல்ல வழியில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முளைகளை இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் எழுதினேன்.

கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். திருநகர் வீட்டு மாடியில் தொட்டிகள் வைக்கத் தொடங்கியபோது, அக்கம்பக்கத்தார் சிலரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். மெல்ல அது செல்லூர், காளவாசல், நகரின் நடுவிலுள்ள பழைய ஊர் என்று பரவியது. வருடத்தில் இரண்டு முறை, ஆடிக்கு முன்னும் தைக்கு முன்னும், விதைப் பரிமாற்றம் வைப்போம். காளவாசலில் ஓர் உறுப்பினருக்கு மாவு மில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது என்பதால் அதன் மேல்மாடியில் கூடுவோம். முருங்கையிலிருந்து பாகல் வரை எல்லா விதையும் வரும். ஆனாலும் கூட்டம் மொய்ப்பது தக்காளியைச் சுற்றித்தான். கடையில் வாங்கும் ஹைப்ரிட் பழத்தின் விதையைப் போட்டால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வருவதில்லை. அதனால் யாரிடமாவது பழைய நாட்டுத் தக்காளி விதை இருக்கிறது என்றால் அவருக்குத் தனி மரியாதை.

வாங்கிய விதை முளைக்கவில்லை என்று சிலர் குறைபட்டார்கள். அதற்காக நான் ஒரு விதி கொண்டுவந்தேன். விதை கொடுப்பவர்கள் பத்து நாள் முன்பே எனக்கு ஒரு உறை அனுப்பிவிட வேண்டும். அதிலிருந்து பத்து விதைகளை எடுத்து ஈர வேட்டித் துணியில் சுற்றி டிபன் பாக்ஸில் வைப்பேன். ஏழாம் நாள் எண்ணுவேன். ஐந்துக்குக் கீழே போனால் அந்த விதை பரிமாற்றத்தில் கிடையாது. எண்ணுவது நான் ஒருவன்தான். கூட இருந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பரிமாற்றம் இல்லாத மாதங்களிலும் சும்மா பேசக் கூடுவதுண்டு; அந்த வருடம் மாசியில் அப்படி ஒரு கூட்டத்துக்குத்தான் பாய் முதலில் வந்தார். பழைய ஊரில் தகரக் கடை வைத்திருந்தார். புனல், உண்டியல், அரிசிப் பெட்டி எல்லாம் அடிப்பார். என் வயதுதான் இருக்கும். ஒரு தூக்குச் சட்டியில் தக்காளிப் பழங்கள் கொண்டுவந்திருந்தார். தட்டையாக, காம்பைச் சுற்றி மடிப்பு மடிப்பாக, வாய் இழுத்துக் கட்டிய சுருக்குப்பை போல இருந்தன. நறுக்கி உப்புத் தூவி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். அந்தப் புளிப்பும் அதற்குப் பின்னால் வந்த இனிப்பும் எனக்கு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. சுருக்குப்பைத் தக்காளி என்று அன்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"எங்க வீட்டம்மா உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணத்துக்கு வரும்போது கொண்டாந்த வெதை. சீர்ல இன்னும் மிச்சம் இருக்குறது இது ஒண்ணுதான் சார்" என்றார் பாய்.

அதன் பிறகு குழுவே மாறிப்போனது. முன்பெல்லாம் யாராவது ஒரு சுருண்ட இலையைப் படமெடுத்துப் போட்டால் கீழே 'சார் சொல்லுங்க' என்று இருக்கும். நானும் காரணம், மருந்து, அளவு எல்லாம் பத்தி பிரித்து எழுதுவேன். இப்போது 'பாய், இதுக்கு என்ன செய்ய?' என்று கேட்டார்கள். அவருக்குத் தட்டச்சு வராது. குரல் பதிவாக அனுப்புவார். பின்னால் தகரத்தைச் சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "ஒண்ணும் போடாதம்மா, நாலு நாள் பேசாம இரு, தானாத் தேறும்." அவ்வளவுதான் வைத்தியம். அதற்கு வரிசையாக இதயங்கள் விழும். என் பத்திகளுக்குக் கட்டைவிரல் ஒன்று, இரண்டு.

ஒருமுறை என் மாடிக்கு வந்தார். என் தக்காளிச் செடிகள் இலை சுருண்டு நின்றன. சுற்றிப் பார்த்துவிட்டு, காபி கொண்டுவந்த என் மனைவியிடம் சொன்னார்.

"தங்கச்சி, சார் ரொம்பச் செல்லம் குடுக்குறாக. தண்ணியக் கொறைக்கச் சொல்லுங்க."

"பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மாதிரி மூணு வேளை ஊத்துறாரு அண்ணே. நான் சொன்னா யாரு கேக்குறா?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் விட்டுப்போன பழங்களில் அன்று ரசம் வைத்தாள். குடித்துவிட்டு, "இது தக்காளி" என்றாள். அந்த 'இது' என்ற சொல் பல நாள் என்னை விடவில்லை.

ஆடிப் பரிமாற்றத்துக்குப் பட்டியல் எடுத்தோம். யாருக்கு எந்தத் தக்காளி வேண்டும் என்று பெயர் கொடுக்க வேண்டும். சுருக்குப்பைக்கு நாற்பது பேர் கொடுத்தார்கள். நான் மூன்று வருடம் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய மஞ்சள் தக்காளிக்கு இரண்டே பேர். அதில் ஒருத்தி என் மனைவியின் தங்கை.

அந்தப் பட்டியலைப் படித்த காலைதான் ஏழாம் நாள். டிபன் பாக்ஸைத் திறந்தேன். பாயின் துணியில் ஒன்பது வெள்ளை வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என் மஞ்சளில் ஆறு. பேனாவை எடுத்தேன்.

பரிமாற்றத்தன்று பாய் மனைவியோடு வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பழைய காலண்டர் தாள்களை மடித்துச் செய்த நாற்பது பொட்டலங்கள். அந்த அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து மடித்திருக்கிறார். நான் பாயைப் படியருகே அழைத்தேன்.

"பாய், உங்க விதை முளைக்கல. பத்துக்கு ஒண்ணுதான்."

அவர் டின்னைப் பார்த்தார். "ஒண்ணுதானா? அப்ப செத்து மவுத்தாப் போச்சுன்னு சொல்லுங்க" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு, "எதனால சார்?" என்று கேட்டார்.

அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் என் குற்றம் ஒரு எண்ணோடு நின்றிருக்கும். "டின்னை எங்க வச்சிருந்தீங்க?" என்றேன்.

"கடையிலதான். பரண் மேல."

"கீழ ஈயம் உருக்குற அடுப்பு இருக்குல்ல. தகர டின். சூடு ஏறியிருக்கும். சூடு ஏறினா கரு செத்துரும்."

இந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. ஆயிரம் மாணவர்கள் அதைக் கேட்டுக் குறிப்பெடுத்திருக்கிறார்கள். பாயின் மனைவி பக்கத்தில் நின்று கேட்டார். கணவரிடம் மெதுவாக, "மண்சட்டியில போட்டு வீட்டுல வைங்கன்னு எத்தன தடவ சொன்னேன்" என்றார்.

கூட்டம் உட்கார்ந்ததும் பாய் தானே எழுந்து நின்று எல்லாருக்கும் சொன்னார். "என் வெதை சரியில்லைங்க. சார் பாத்துச் சொல்லிட்டாக. வாங்கிட்டுப் போயி யாரும் ஏமாற வேணாம்."

"என்ன பாய், சுருக்குப்பை காலியா?" என்றார் மில்காரர். சிரிப்பு எழுந்தது. செல்லூரிலிருந்து வரும் ஒரு பெண்மணி, தறிக்காரர் வீட்டம்மா, விடவில்லை.

"மாசியில தின்ன பழத்துல ரெண்டு வெதையைத் தொட்டியில துப்பினேன் பாய், ரெண்டும் முளைச்சுச்சே. அணிலு கடிச்சுப்புருச்சு, அது வேற கதை."

நான் குறுக்கே புகுந்தேன். "புதுப் பழத்து விதை வேற, சேமிச்ச விதை வேறம்மா" என்றேன். பாயும் எனக்காகப் பேசினார். "படிச்சவுக சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்."

அவருடைய செடிகள் கத்திரி வெயிலிலேயே காய்ந்துபோயிருந்தன. வீடு திரும்பும் வழியில் அந்த டின்னைத் தெருமுக்குக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. குழுவில் சுத்தியல் சத்தம் நின்றது. யாராவது கேட்டால், "சாரைக் கேளுங்க, எனக்கு என்ன தெரியும்" என்று ஒரு பதிவு. பழையபடி என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். நானும் பத்தி பிரித்து எழுதினேன்.

முளைத்த ஒன்பதையும் நான் தூக்கி எறியவில்லை. இரக்கத்தால் அல்ல. அந்தப் பழம் என் மாடியில், என் கையால் காய்க்க வேண்டும் என்ற ஆசைதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யாரும் பார்க்காத மூலையில் நட்டேன். அளவாகத்தான் நீர் விட்டேன். ஐப்பசியில் மடிப்பு மடிப்பாகக் காய்த்தன. சில பழங்களைப் பறித்துச் சமையலறையில் வைத்து, கண்காட்சியில் வாங்கிய விதை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றை எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்தாள்.

"இது பாய் அண்ணன் தக்காளில்ல?"

நான் பேப்பர் படிப்பதுபோல் இருந்தேன். அவள் பழத்தைக் கீழே வைத்துவிட்டுப் புளியை ஊறப்போட்டாள். மறுநாளும் புளி ரசம். அடுத்த வாரமும். பழங்கள் தட்டில் கனிந்து வெடித்தன. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க, வெட்டுறேன்" என்றாள். சொன்னேன். உறையில் எழுதியது முதல் பொட்டலங்கள் வரை எல்லாவற்றையும். அவள் திட்டவில்லை. "அந்தம்மா ரெண்டு நாளா பொட்டலம் மடிச்சுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

நல்ல பழங்களாக எடுத்துச் சதையோடு மூன்று நாள் நொதிக்க வைத்து, அலசி, நிழலில் உலர்த்தினேன். கார்த்திகையில் ஒரு மண்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாய் கடையில் உட்கார்ந்து ஒரு புனலின் விளிம்பை மடக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். என்ன இம்புட்டு தூரம்?"

பஸ்ஸில் அழகாகத் தயாரித்துக்கொண்டு போன வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "உங்க விதை சாகல பாய். நான் பொய் சொன்னேன். உங்க மேல பொறாமை" என்றேன். சட்டியை நீட்டினேன். "இது அதோட விதைதான். முளைச்சதை நட்டு வளர்த்தேன்."

அவர் வாங்கவில்லை. சுத்தியல் புனலைத் தட்டிக்கொண்டே இருந்தது. நிமிராமல் கேட்டார்.

"எத்தன முளைச்சுச்சு?"

"ஒன்பது."

சுத்தியல் நின்றது. கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏத்தா, கேட்டியா. ஒன்பது முளைச்சுச்சாம். டின்னு மேல தப்பில்ல."

அந்த அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். விஷயத்தைப் பாய் இரண்டு வரியில் சொன்னார். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, விதைகளை விரலால் கிளறிப் பார்த்தார். "நாலு மாசமா இந்த மனுசன ஏசிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். "அது இருக்கட்டும்" என்றார் பாய். "அன்னைக்கு அத்தன பேரு முன்னால நான்தான் சார் எந்திரிச்சு நின்னு சொன்னேன். இப்ப நீங்க எந்திரிங்க."

மார்கழியில், தைப் பரிமாற்றத்தன்று, எழுந்தேன். இங்கே எழுதியிருப்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னேன். மில்காரர் தரையைப் பார்த்தார். செல்லூர்ப் பெண்மணிதான் கேட்டார்.

"காலேஜுலயும் மார்க்கு இப்பிடித்தான் போட்டீகளா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. காலேஜில் அப்படிப் போட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யார் நம்புவார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது, இன்னும் போகவில்லை. அன்றே முளைப்புச் சோதனையை அந்தப் பெண்மணியிடம் ஒப்படைத்தார்கள். இப்போது அவர் டிபன் பாக்ஸைத் திறந்து படமெடுத்துக் குழுவில் போடுகிறார், எல்லாரும் எண்ணுகிறார்கள். நான் செய்ததைவிட நல்ல முறை. குழுவை நடத்துவதும் என் கையில் இல்லை.

சுருக்குப்பைக்கு வரிசை நின்றது. காலண்டர் தாள் பொட்டலங்களைப் பாய் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். நானும் வரிசையில் கடைசியில் நின்றேன். என் முறை வந்தபோது அவர் பொட்டலம் தரவில்லை. ஒன்றைப் பிரித்து, விதைகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார்.

"பத்து. எண்ணிப் பாத்துக்கங்க சார்."

எண்ணினேன். பின்னால் யாரும் இல்லாததால் நிதானமாகவே எண்ணினேன்.

தையில் விதைத்தேன். இப்போதெல்லாம் எத்தனை முளைத்தது என்று ஒவ்வொருவரும் குழுவில் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு. 'எட்டு' என்று போட்டேன். பாய்க்குப் பத்தும் முளைத்திருந்தது. அதைக் கேட்டபோது உள்ளே எங்கோ பழைய இடத்தில் குத்தியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சற்று நேரத்தில் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அந்த ஆடிக்குப் பிறகு எனக்கென்று அவர் அனுப்பிய முதல் பதிவு. முதலில் வெறும் தகரத்தைத் தட்டும் சத்தம். பிறகு அவர் குரல்.

"தண்ணியக் கொறைங்க சார்."